கல்லின் பங்கு

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. தெருவுக்கே கேட்க வேண்டும். போன வாரம் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள்: தொடையில் உள்ள மூலகங்களின் இயல்பு தொடைக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் சிரித்துவிட்டேன். என் வயதுக்காரர்களே, நீங்களும் சிரித்திருப்பீர்கள். நம் காலத்தில் தொடை என்றால் வாத்தியார் கிள்ளுகிற இடம். என்னடி பாடம் இது, வெட்கமில்லாமல், என்று வேலிக்கு மேலாகக் கேட்டேன்.

"ஐயோ, அது இல்ல. சில சாமான்களைச் சேர்த்து ஒண்ணா எடுத்தா, அந்தச் சேர்த்திதான் தொடை. உள்ளுக்கு இருக்கிற ஒவ்வொண்ணும் மூலகம். உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் மனுசங்கன்னா, தொடையும் மனுசனாயிடுமா? ஆகாது. அது வேற ஒண்ணு."

சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். எனக்குக் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. அது வேற ஒண்ணு. இந்தக் கேள்வியை என் அண்ணன் கேட்டுவிட்டான். எந்தப் புத்தகமும் படித்து அல்ல. சின்ன வயதில், கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில், அம்மா காய்ச்சலில் படுத்திருந்தபோது, அத்தையிடம் கேட்டான்.

அந்த வருஷம் மழை எங்களை நன்றாக ஏமாற்றியது. மகாவலி ஆறு வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டைகளில் நுளம்பு, அதுதான் கொசு. நுளம்பால் காய்ச்சல் என்று படித்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தெருவில் நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரே மாதிரிப் பாயில் கிடந்தார்கள். நல்ல வெயிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி நடுங்குகிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

அப்பா லொறி டிரைவர். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிக் கண்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். வீட்டில் அவர் தங்குவது அபூர்வம். அம்மா படுத்துவிட்டாள். வீட்டை நடத்தியது அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்விட, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலும் அவளிடம் வராது என்பார்கள். 'அது கல்லாச்சே' என்று தெருவில் பேச்சு. யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால், ஒருவரும் சொல்லாமலே போய் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். புறப்படுகிறவர் கண்ணில் படக்கூடாதாம். கதவுக்கு அடியில் வெள்ளைச் சேலையின் கரை மட்டும் தெரியும்.

ஆற்றோரமாக நடந்து போனால் மருந்துக்கூடம். அம்மாவுக்குப் போத்தலில் கொய்னா கலந்த மருந்துத் தண்ணி கொடுப்பார்கள். அதோடு, வருகிற ஆட்களுக்குக் காய்ச்சல் தொற்றாமலிருக்கக் கொய்னா மாத்திரை, ஆளுக்கு ஒன்று. வராத ஆளுக்குக் கிடையாது. அதனால் அண்ணனும் நானும் தம்பியும் தினமும் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் வாசலில் இறங்கும்போதே அத்தை அடுப்படியிலிருந்து கத்தினாள். "நில்லுங்கடா! மூணு பேராவா போறீங்க? மூணு ஆகாது. போற காரியம் கெட்டுப் போகும். உங்கம்மா உசிருடா."

அண்ணனுக்குக் குறுக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. "நான் ஆகாதவனா அத்தை?"

"உனக்கென்னடா ராசா, தங்கம்."

"தங்கச்சி?"

"வாயைத் தவிர மத்ததெல்லாம் நல்லதுதான்."

"தம்பி?"

"ஐய, என் செல்லம்!"

"அப்ப மூணு பேரும் நல்லவங்க. ஆகாதது எங்கிருந்து வந்துச்சு?"

"தனித்தனியா நல்லவங்கதான்டா. சேர்ந்து நடந்தா மூணு."

"அதான் கேக்குறேன், அந்த மூணு யாரு? நான் மூணு இல்ல. இவ மூணு இல்ல. தம்பி இல்ல. எங்களுக்கு வயசு இருக்கு. மூணுக்கு என்ன வயசு? எங்களுக்குப் பசிக்குது. அதுக்குப் பசிக்குமா? அது எங்க நிக்குது?"

அத்தைக்கு அடுப்புப் புகை கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் வாயை அடைக்கத்தான் சொன்னாள் என்று இன்று தெரிகிறது. "உங்க பின்னாலதான் நடக்கும். திரும்பிப் பாக்காமப் போங்க."

எனக்கு முதுகில் சில்லென்றது. "நீங்களும் வாங்களேன் அத்தை, நாலாயிரும்" என்றேன்.

அத்தை ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "நான் வந்தா மூணை விட மோசம்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு அடுப்படிக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஆற்றுக் கல்லை எடுத்து வந்தாள். கறுப்பாக, வழுவழுவென்று, தம்பியின் தலையில் பாதி இருக்கும். அதை ஒரு சீலைப் பையில் போட்டு அண்ணன் தோளில் மாட்டினாள். "இது நாலாவது. கேட்டா நாலு பேருன்னு சொல்லணும். வாய் திறந்து எண்ணினாதான் அது ஆளு. கூட்டிட்டுப் போனதைக் கூட்டிட்டு வந்துரணும். வழியில விட்டுட்டு வராதீங்க."

இந்த வழக்கம் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். மூன்று பேர் புறப்பட்டால் மடியில் ஒரு கல். பெரியவர்கள் அதைச் செய்துவிட்டு மறந்துபோவார்கள். பிள்ளைகளுக்கு மறக்கிற வசதி இல்லை.

மருந்துக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு கொக்கோத் தோட்டம். பகலிலேயே இருட்டு. தண்டிலேயே சிவப்புச் சிவப்பாகக் காய் தொங்கும். காய்ச்சலால் வேலைக்கு ஆள் வராமல், பழுத்த காய் கீழே விழுந்து புளித்த வாடை அடித்தது. கீழே கிடந்த சருகில் கால் வைத்தால் படபடவென்று சத்தம். எங்கள் காலடிதான். ஆனால் நாங்கள் நின்ற பிறகும் அந்தச் சத்தம் கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் நின்றது.

அண்ணன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றான். பையிலிருந்து கல்லை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எங்களைத் தள்ளிக் கூட்டிப்போனான். "இப்ப நாம மூணு. வந்திருக்கணும்."

வெட்டுக்கிளிச் சத்தம் நின்றுபோனது. மரங்களுக்கு இடையில் புகுந்த மாலை வெயில் பின்னாலிருந்து அடித்தது. நாங்கள் கை கோத்து நின்றோம். முன்னால் சருகுமேல் நீளமாக ஒரு நிழல் கிடந்தது. ஒன்றே ஒன்று. என் நிழல் எது, தம்பி நிழல் எது என்று பிரிக்க முடியவில்லை. அகலமாக, நிறையக் கால்களோடு, எங்கள் ஒருவர் சாயலும் இல்லாமல் கிடந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அப்போது நிழல் கிடையாது. நிழல் இருந்தது அதற்குத்தான்.

"எடு அண்ணே! கல்லை எடு! அது பாக்குது!" என்று தம்பி வீறிட்டான். அண்ணன் ஓடிப்போய்க் கல்லை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். வெட்டுக்கிளி திரும்பக் கத்தியது. வெறும் காற்றுத்தான், வெறும் பயம்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். நீங்கள் அங்கே நிற்கவில்லை.

மருந்துக்கூடத்து ஜன்னல் உயரமானது. உள்ளே மருந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தலை அவருக்குத் தெரியாது. "எத்தினை பேர் வந்தனியள்?" என்று குரல் மட்டும் வரும்.

"நாலு பேர்" என்றான் அண்ணன்.

போத்தலோடு, கடதாசியில் மடித்து நாலு மாத்திரை கீழே நீண்டது. எங்களுக்கு முதலில் புரியவேயில்லை. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொய் சொல்ல நினைக்கவில்லை, சாமி சத்தியமாக. அத்தை எண்ணச் சொன்ன மாதிரி எண்ணினோம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஆளுக்கொன்றை வெல்லத்தோடு விழுங்கினோம். நாலாவது மிஞ்சியது. அண்ணன் நியாயக்காரன். "நாலுன்னு சொல்லி வாங்கினது. அது பங்கு அதுக்கு" என்று கல்லைக் கதவடியில் வைத்து, அதன் தலையில் மாத்திரையை வைத்தான். ஆளா இல்லையா என்று அதுவே சொல்லட்டும் என்பது அவன் எண்ணம்.

விடிந்து பார்த்தால் மாத்திரை இல்லை.

"நாலு தின்னுடுச்சு!" என்று தம்பி கை தட்டினான். கல்லுக்கு அவன் வைத்த பெயர் நாலு. அண்ணன் சிரிக்கவில்லை. எலி தின்னாது, கசப்பு. எறும்பும் தொடாது. அடுத்த நாள் வைத்தோம். அதுவும் இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எல்லாவற்றையும் கேள்வி கேட்கிற அண்ணன் கல்லிடம் மரியாதையாக நடக்கத் தொடங்கினான். அதன் மேல் கால் படாமல் தாண்டிப் போவான். ஒரு காலை அது வேர்த்திருந்தது. தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது. அடுப்படி ஆவி பட்டால் குளிர்ந்த கல் வேர்க்கும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று, மருந்து தின்றவர்களுக்குக் காய்ச்சல் விடும்போது வேர்க்கும் என்பதுதான் தெரியும்.

அம்மாவுக்கு மெல்ல மெல்லச் சூடு தணிந்தது. கண் திறந்து பேசினாள். ஆனால் நாம் சொல்வது அவளுக்குச் சரியாகக் கேட்காது. "காதுக்குள்ள வண்டு கத்துதுடி" என்பாள். சிலருக்குக் கொய்னா செய்கிற வேலை அது என்று மருந்தையா சொல்லியனுப்பினார். வேடிக்கை என்னவென்றால் அத்தையும் அந்த நாட்களில் செவிடாகிக்கொண்டு வந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "என்னாடி சொல்ற? வண்டு கத்துற சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்பாள். வெளியே வண்டே கத்தாத நேரத்திலும் சொல்வாள். உச்சி வெயிலில் அடுப்பை ஒட்டி, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், ஈர விறகு, பக்கத்திலிருந்து ஊதணும் என்பாள். பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "பாவி, தம்பி பொண்டாட்டி சாகக் கிடக்கா, இவ குளிர் காயுறா. கல்லுதான் போ" என்று தன் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்! இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த அம்மாவின் மேல் ஆத்திரம் வருகிறது.

ஒருநாள் மருந்தையா ஜன்னலை விட்டு வெளியே விறாந்தைக்கு வந்தார். ஆள் சுத்தமானவர், கண்ணாடி போட்டவர். காய்ச்சல்காரர்களுக்கு நடுவே நின்று நின்று அவர் முகமும் வெளுத்திருந்தது. எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களோ அந்த நாலு பேர்? மற்றப் பிள்ளை எங்கை?"

அண்ணன் பையைத் திறந்து காட்டினான்.

"உது கல்லெல்லோ!"

"ஆமாங்க ஐயா. நாலாவது."

மருந்தையாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "என்னை என்ன விசரன் எண்டு நினைச்சியளோ? கல்லுக்குக் கொய்னாவோ? அங்கை மருந்தில்லாமல் சனம் சாகுது. பிள்ளையள், உங்களில ஒருத்தரும் கெட்டதில்லை எண்டால் மூண்டு பேர் சேர்ந்தாலும் கெட்டதில்லை. விளங்கிச்சோ? அதைத் தூக்கி எறியுங்கோ. நாளையிலயிருந்து மூண்டுதான்."

எனக்கு அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. தன் கேள்விக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் பதில் சொல்லிவிட்டார் அல்லவா! வழியில் ஆற்றங்கரையில் இறங்கி, பெரிய குட்டையாகப் பார்த்துக் கல்லை வீசினான். விழுந்த சத்தம் தாமதமாக வந்தது. வட்டம் வட்டமாகத் தண்ணீர் கரைக்கு வந்து எங்கள் கால்களைத் தொட்டது. நாங்கள் மூன்று பேராகக் கொக்கோத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தான். நான் நிழலைப் பார்க்கவில்லை. பின்னால் சருகு நொறுங்கியது. இன்று அதற்குப் பசிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள்.

அத்தை வாசலில் நின்றாள். எங்களை எண்ணிப் பார்த்தாள். "கல்லு எங்கடா?"

"ஆத்துல போட்டுட்டோம் அத்தை. அது ஆளு இல்லையாம். மருந்தையா சொல்லிட்டாரு. இனி மூணு மாத்திரைதான்" என்றான் அண்ணன், வெற்றியோடு.

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வண்டுச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நான் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். "சரி, கை காலைக் கழுவுங்க" என்றாள்.

அன்று தம்பி தன் மாத்திரையை விழுங்கவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து, கல் இருந்த இடத்தில், கதவடியில், வெறும் தரையில் வைத்திருக்கிறான். நாலுக்குப் பசிக்கும் என்று அவனுக்கும் தோன்றியிருக்கிறது. காலையில் எழுந்தபோது, அத்தை அவன் பாயருகில் குந்தியிருந்தாள். உள்ளங்கையில் அந்த மாத்திரை, ஓரம் கரைந்து.

"இது யாரு பங்குடா?"

"என்னோடது."

"அப்ப நீ முழுங்கு. உன் பங்கை யாருக்கும் வைக்கக் கூடாது. வாயைத் தொற." அவன் வாய்க்குள் போட்டு, தண்ணீர் ஊற்றி, தொண்டையைத் தடவிவிட்டாள். பிறகு என் தலையையும் தடவினாள். அந்தக் கை அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது. இப்போதுதான் அடுப்பு மூட்டினாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடி தூங்கிவிட்டேன். அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை.

அம்மா சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய வாரத்தில் அத்தை செத்துப்போனாள். பட்டப்பகலில், அடுப்படிக் கதவுக்குப் பின்னால், நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள். கதவுக்கு அடியில் சேலைக் கரை தெரிந்தது. யாரோ புறப்படுகிறார்கள் என்று நினைத்து நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.

தெருவில் எழுந்து நிற்கிற ஆண்கள் குறைவு. பாடை தூக்க அப்பா, பக்கத்து வீட்டுக்காரர், ரொட்டிக் கடைக்காரர். மூன்று பேர். "மூணு பேரு தூக்க ஏலாது" என்று அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் போய் நாலாவது மூலையில் தோள் கொடுத்தான். உயரம் போதாததால் அத்தை முழுவதும் அவன் பக்கமாகவே சாய்ந்துகொண்டு போனாள்.

எல்லாம் முடிந்து, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மாதிரி யோசித்தாள். "எனக்கு ஒண்ணு விளங்கல. உங்க அத்தை காதுல வண்டு கத்துது, வண்டு கத்துதுன்னாளே. கொய்னா தின்னாதானே அப்படி? அவளுக்கு யாரு கொய்னா குடுத்தா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தம்பிதான் சொன்னான், "நாலு குடுத்துச்சு."

அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்கியவன் அண்ணன். எழுந்து ஆற்றுக்கு ஓடினான். இருட்டும்வரை குட்டையில் மூழ்கி மூழ்கித் தேடினான். பிறகு மழை வந்து ஆறு நிறைந்துவிட்டது.

அத்தை ஏன் தனக்கு மருந்து கேட்கவில்லை? தனக்கும் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ தடவை அவளோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். சொன்னால் வண்டியில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். அம்மாவை யார் பார்ப்பது? அதோடு, அம்மா பிழைக்கப் போகிற காரியத்தில் தன் பெயர் கலந்தால் மருந்து பலிக்காது என்று அவள் நிஜமாகவே நம்பினாள். எங்கள் வீட்டில் ஒரு கல்லை ஆளாக எண்ணலாம். அவளை எண்ணக்கூடாது. அதனால் கல்லின் பங்கை எடுத்துக்கொண்டாள். பிள்ளையின் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கெல்லாம் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊர் போன பின்பும், நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் சேர்ந்தால் தம்பி நாலு இலை போடுவான். கல்லுக்கா, அத்தைக்கா என்று ஒருவரும் கேட்டதில்லை. சாப்பிட்டு எழும்வரை அந்த இலையை நாங்கள் நேராகப் பார்ப்பதும் இல்லை. இப்போது அண்ணன் இல்லை, தம்பியும் இல்லை.

நேற்று வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன், "ஒரே ஒரு ஆள் மிஞ்சினா அது தொடையாடி?"

"ஓ. ஒரு மூலகம் இருந்தாலும் தொடைதான். ஆனா அந்த ஆளும் அந்தத் தொடையும் ஒண்ணு இல்ல. ரெண்டும் வேற வேற."

"அப்ப நான் தனியா இருந்தாலும் இன்னொண்ணு இருக்கும்ங்கிற?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

இரவு பிரஷர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக் கதவைப் பார்ப்பேன். ஒன்றை எடுத்து அங்கே தரையில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். வைத்ததில்லை. காலையில் அது அங்கேயே இருந்தால் என்னால் தாங்க முடியாது. இல்லாமல் போனாலும் தாங்க முடியாது. அதனால் என் பங்கை நானே விழுங்கிவிட்டு, அத்தை செய்த மாதிரி என் தொண்டையை நானே தடவிக்கொண்டு படுக்கிறேன்.